கோப்புப் பகுப்பும் நிரலின் விரைவும்

ஒரு பெருநூலைச் சிறு கூறுகளாகப் பகுத்தமைத்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாகவும், அதிகாரம் ஒவ்வொன்றும் ஒன்பது இயல்களாகவும் பகுக்கப்பட்டு, 27 இயல்களை உடையதாய் நிற்கின்றது. இவ்வாறு பகுத்தமையால் ஒரு பொருள் பற்றிய விதிகளெல்லாம் ஓரிடத்துக் கிடக்கின்றன. கற்பான் தனக்கு வேண்டிய இயலை மாத்திரம் எடுத்துக் கற்றல் கூடும். ஆயின் பகுப்பு ஒரு விலையையும் கேட்கின்றது. முன்னோரிடத்து ஓதிய விதியைப் பின்னோரிடத்து மீண்டும் விரித்து ஓதாது, அதனைப் போலக் கொள்க என்று சுட்டிச் செல்லும் முறையை உரையாசிரியர்கள் மாட்டேறு என்பர். மாட்டேற்றைக் காணுந்தோறும் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டல் வேண்டும். சுவடியை மனனஞ் செய்த புலவனுக்கு இஃது ஒரு சுமையன்று. மனனஞ் செய்யாதவனுக்கோ ஒரு நூற்பாவின் பொருளைக் காண்பதற்குள் நான்கு ஏடுகள் புரளும்.

கணினி நிரலை எழுதுவோர் முன்னும் இவ்வினாவே நிற்கின்றது. நிரலைப் பல கோப்புக்களாகப் பகுத்தால் எழுதுவோனுக்கு நன்மை. இயக்கும் கணினிக்கு அதனால் எவ்வளவு வேலை கூடுகின்றது? இணையத்தளங்களை ஆக்குதற்குப் பெருவழக்காய்ப் பயன்படும் பீ.எச்.பி. என்னும் நிரன்மொழியில் இவ்வினா ஏனைய மொழிகளிலும் பார்க்கக் கூர்மையாக எழுகின்றது. அதன் காரணம் அம்மொழியின் பிறப்பிலேயே உளது.

ராஸ்மஸ் லேர்டோர்ப் என்பார் தமது இணையப் பக்கத்தைப் பார்வையிட்டோரைக் கணக்கிடும் பொருட்டு 1994இல் எழுதிய சில சிறு கருவிகளே பீ.எச்.பி.யின் தொடக்கம். 1995இல் அவர் அவற்றைப் பிறருக்கும் வழங்கினார். சீவ் சுராஸ்கி, அண்டி குட்மன்ஸ் என்னும் இருவர் கூடி மொழியை மீள எழுத, அதன் மூன்றாம் பதிப்பு 1998இல் வெளிவந்தது. அந்நாளில் ஒரு பக்கத்தை ஆக்குவோன் தலைப்பை ஒரு கோப்பிலும் அடிக்குறிப்பை மற்றொரு கோப்பிலும் வைத்து, பக்கந்தோறும் அவ்விரண்டையும் உட்சேர்த்துக் கொள்வான், அவ்வளவே. இன்றோ வேர்ட்பிரஸ், மூடுள், மீடியாவிக்கி முதலாய பெருநிரல்கள் ஆயிரக்கணக்கான கோப்புக்களாய்ப் பரந்து கிடக்கின்றன. ஒரு பக்கத்தை வாசகர் கேட்கும்பொழுது அவற்றுள் நூற்றுக்கணக்கானவை அழைக்கப்படுதல் இயல்பு.

இது தொலைதூரத்து விடயமன்று. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் எண்மியப்படுத்திப் பேணும் நூலகம் என்னும் மின்னூலகம் 2005இல் தொடங்கப்பட்டது. அதன் பக்கங்கள் மீடியாவிக்கியின் மீது அமைந்தவை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அம்மென்பொருளின் மீதே இயங்குகின்றது. எங்கும் அச்சிற் கிடையாத பழைய பாடசாலை மலரொன்றையோ கோயிற் குடமுழுக்கு மலரொன்றையோ கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒருவர் கைத்தொலைபேசியிற் தேடுகின்றாராயின், அவர் காத்திருக்கும் நேரம் இரு கூறுடையது. ஒன்று, செய்தி வலையமைப்பின் வழியே சென்று மீளும் நேரம். இது நிரலை எழுதுவோரின் கைக்குட்பட்டதன்று. மற்றொன்று, சேவையகம் அப்பக்கத்தை ஆக்கும் நேரம். இது முழுவதும் அவர் கைக்குட்பட்டது.

அன்றியும், இங்கே பொருள் ஒருவருடைய காத்திருப்பு மாத்திரமன்று. எட்டுப் பணியாளர்களை, அஃதாவது ஒரே வேளையில் எட்டு வேண்டுகோள்களை ஏற்கும் செயன்முறைகளை, உடைய சிறு சேவையகம் ஒன்றைக் கருதுக. ஒரு பக்கத்தை ஆக்க ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கு செல்லுமாயின், அது செக்கனுக்கு 40 பக்கங்களை வழங்கும். அந்நேரம் இரட்டிக்குமாயின் 20 பக்கங்களையே வழங்கும். எஞ்சியோர் வரிசையில் நிற்பர். நன்கொடையால் நடைபெறும் நிறுவனமொன்று இரட்டித்த செலவில் வேறொரு சேவையகத்தை வாங்குவதா, வாசகரைக் காக்கவைப்பதா என்று எண்ண வேண்டிய இடம் இதுவே. செல்வமுடைய கொம்பனிகள் இயந்திரத்தைப் பெருக்கி இவ்வினாவை மறந்துவிடலாம். ஏனையோர்க்கு அவ்வழி இல்லை.

பீ.எச்.பி.யில் ஒரு கோப்பினுள் மற்றொரு கோப்பை வரவழைக்க இன்குளூட், றிக்குவயர் என இரு கட்டளைகள் உள. வேண்டிய கோப்புக் கிடையாதவிடத்து முன்னையது எச்சரித்து மேற்செல்லும். பின்னையது நிரலையே நிறுத்திவிடும். வேகத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டிற்கும் வேறுபாடு இல்லை. இவற்றோடு வன்ஸ் என்னும் ஒட்டைச் சேர்த்தால், ஒரு கோப்பு ஒருமுறைக்கு மேற் சேர்க்கப்படாது.

இக்கட்டளை ஒன்று நிறைவேறுமிடத்து நிகழ்வன நான்கு. முதலாவது, கோப்பு எங்குளது என்று காணுதல். முழு முகவரி கூறப்படாவிடின், தேடுதற்குரிய அடைவுகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றிலும் அக்கோப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். முகவரி கிடைத்த பின்னரும் அதன் ஒவ்வொரு படியும் மெய்யான அடைவோ, வேறோரிடத்தைச் சுட்டும் இணைப்போ என்று பணிசெயல் முறைமையை வினவ வேண்டும். இரண்டாவது, கோப்பைத் திறந்து வாசித்தல். மூன்றாவது, வாசித்த எழுத்துத்தொடரைச் சொற்களாகப் பிரித்து, வாக்கியமாகக் கூட்டி, இயந்திரம் பின்பற்றத்தக்க குறிகளாகத் தொகுத்தல். நான்காவது, அக்குறிகளை நிறைவேற்றல்.

இந்நான்கனுள் இறுதியானது மாத்திரமே வாசகர் கேட்ட வேலை. முன்னைய மூன்றும் ஆயத்தம். வியப்பு யாதெனில், பக்கத்தை அனுப்பி முடித்தவுடன் பீ.எச்.பி. இவ்வாயத்தம் அனைத்தையும் எறிந்துவிடுகின்றது. அடுத்த செக்கனில் மற்றொருவர் அதே பக்கத்தைக் கேட்டால், அதே நூற்றுக்கணக்கான கோப்புக்களை மீண்டும் தேடி, திறந்து, வாசித்து, தொகுக்கத் தொடங்கும். ஒருமுறை தொகுத்து ஆண்டுக்கணக்கில் இயக்கும் சீ, ஜாவா முதலிய மொழிகளிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே. இதனைக் குறை என்று மாத்திரம் கூறுதல் பொருந்தாது. ஒரு வேண்டுகோளில் நேர்ந்த பிழை அடுத்த வேண்டுகோளைத் தொடாது. திருத்திய கோப்பை வைத்த கணத்திலேயே திருத்தம் பயன்தரும். இவ்வெளிமையே இம்மொழியை ஊரெங்கும் பரப்பிற்று.

தேடுதலின் செலவைச் சிறிது விரித்து நோக்குதல் தகும். பலர் கருதாது விடுவது அதுவே. ஒரு கோப்பின் முகவரி ஆறு படிகளையுடையது எனக் கொள்க. 300 கோப்புக்களை அழைக்கும் பக்கத்திற்கு, படிக்கு ஒரு வினாவாக 1,800 வினாக்கள் எழும். இத்துன்பத்தைக் குறைக்கும் பொருட்டு, ஒருமுறை கண்ட முகவரிகளை நினைவிற் பதித்துவைக்கும் ஏற்பாடு ஒன்று பீ.எச்.பி.யில் உண்டு. அதன் பயனாக, பொதுவான மேலடைவுகள் ஒருமுறை மாத்திரம் வினவப்படும். கண்ட முகவரி 120 செக்கன் வரை நினைவில் நிற்பது வழக்கமான அமைப்பு. ஆயின் நெடுங்காலம் அந்நினைவிற்கு ஒதுக்கப்பட்ட இடம் 16 கிலோபைற்று மாத்திரமே. பெருநிரலொன்றின் முகவரிகளைக் கொள்ள அது போதாது. 2017இல் வெளிவந்த பதிப்புக்களிலேயே அது 4 மெகாபைற்றாக உயர்த்தப்பட்டது.

இவ்விடத்து ஒரு பொறி உண்டு. குறைந்த கட்டணத்தில் ஒரு சேவையகத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் இடங்களில், ஒருவர் மற்றவரின் கோப்புக்களைத் தொடாதவாறு ஓப்பின்-பேஸ்டிர் என்னும் வேலி இடப்படுதல் உண்டு. அவ்வேலி இட்டவிடத்து, மேற்கூறிய முகவரி நினைவு தானாகவே நின்றுவிடும். பாதுகாப்புக் கருதிச் செய்யப்பட்டது அது. எனினும், பாடசாலைகளும் ஆலய பரிபாலன சபைகளும் பெரும்பாலும் நாடுவது இத்தகைய பங்கு இடங்களையே ஆதலின், கோப்புப் பெருக்கத்தின் சுமை முழுவதும் வந்து விழுவது அவற்றின் தலையிலேயாம். கோப்புக்கள் அதே கணினியில் இல்லாது வலையமைப்பால் இணைந்த வேறொரு கணினியில் இருக்குமாயின், ஒவ்வொரு வினாவும் அங்கே சென்று மீளும்.

மட்டக்களப்பு வாவியைக் கடந்து பழகியோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை, எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குச் செல்வோர் பலர் அங்கே பாதையேறிச் சென்றனர். நீரைக் கடக்கும் பொழுது சிறிது. பாதை இக்கரைக்கு வருமளவும் துறையில் நிற்கும் பொழுதே பெரிது. ஒரு மூடை நெல்லைக் கொண்டு செல்லினும் பத்து மூடையைக் கொண்டு செல்லினும் நிற்கும் பொழுது ஒன்றே. அதுபோலக் கோப்பொன்றைத் தேடித் திறத்தற்குரிய செலவு, அதன் பருமனைப் பொறுத்ததன்று. எத்தனை முறை செல்கின்றோம் என்பதைப் பொறுத்தது. வாசித்துத் தொகுக்கும் செலவே பருமனைப் பொறுத்தது.

இவ்வுண்மையை அரைகுறையாக உணர்ந்தோர் கண்ட மருந்து, கோப்புக்கள் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிப் பெருங்கோப்பொன்று ஆக்குதல். ஒருமுறை சென்றால் எல்லாம் வந்துவிடும் என்பது அவர் எண்ணம். ஒரு பக்கத்திற்குத் தேவையானது நிரலில் ஐந்திலொரு பங்காயின், எஞ்சிய நான்கு பங்கும் வீணே வாசிக்கப்பட்டுத் தொகுக்கப்படும். கோப்புத் தேடுவதில் மீந்த நேரம் தொகுப்பதில் அழியும். சில வேளை அதனிலும் மிகும். அதற்கு மேலாக, பத்தாயிரம் வரிகள் கொண்ட ஒரே கோப்பில் இருவர் ஒருங்கே வேலை செய்தல் அரிது. பிழை தேடல் அதனினும் அரிது. கணினியின் சில கணங்களை மீப்பதற்காக மனிதரின் நாட்களைச் செலவிடும் இவ்வணிகம் பெரும்பாலும் நட்டமே தரும்.

பொருத்தமான வழி இதற்கு நேர்மாறானது. 2004இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து, ஒரு வகுப்பின் பெயர் நிரலில் முதன்முதல் எதிர்ப்படும்போது மாத்திரம் அதற்குரிய கோப்பை வரவழைக்கும் தன்னழைப்பு முறை பீ.எச்.பி.யில் உளது. வேண்டாத கோப்புத் தொடப்படுவதே இல்லை. பகுப்பு நுண்ணியதாயின், வருவதும் வேண்டிய அளவே வரும். இம்முறையால், பல கோப்புக்களாகப் பகுத்தலே விரைவுக்கு உதவும் இடங்களும் உள என்க.

தன்னழைப்பிலும் இரு நெறிகள் உண்டு. வகுப்பின் பெயரைக் கொண்டே கோப்பின் இடத்தை ஊகித்து, அங்கே உண்டா என்று பார்ப்பது ஒன்று. எவ்வகுப்பு எக்கோப்பில் உளது என்னும் அட்டவணையை முன்கூட்டியே ஆக்கிவைத்து, அதனை நோக்கி நேரே செல்வது மற்றொன்று. மீடியாவிக்கி அத்தகைய அட்டவணையொன்றைத் தன்னகத்தே கொண்டது. 2012 முதல் வழக்கிற்கு வந்த கொம்போசர் என்னும் துணைக்கருவியும், கட்டளையிட்டால், அட்டவணையை ஆக்கித் தரும். நிரலை எழுதும் காலத்தில் ஊகமுறை வசதியானது. பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பின்னரும் அதனையே வைத்திருத்தல், அச்சாகி முடிந்த நூலுக்குப் பொருளடக்கம் இடாது விடுதலை ஒக்கும்.

வன்ஸ் ஒட்டினால் நிரல் மிகத் தளர்ந்துவிடும் என்னும் கூற்று இன்றும் செவிவழியாய் வழங்குகின்றது. அதற்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. ஒரே கோப்பை இருவேறு முகவரிகளாற் சுட்டுதல் கூடும் ஆதலின், முன்னரே சேர்க்கப்பட்டதா என்று அறிதற்கு மெய்யான முகவரியைக் காணல் வேண்டும். முகவரி நினைவு இல்லாத பழைய பதிப்புக்களில் அதற்கெனப் பல வினாக்கள் எழுந்தன. இன்றைய பதிப்புக்களில் அவ்வேறுபாடு மிகச் சிறியது. அதனை அஞ்சி நிரல் முழுவதும் வன்ஸ் என்பதைத் தேடி அழித்தல் பயனற்ற உழைப்பு.

இனித் தலையாய பரிகாரம் கூறப்படும். தொகுத்த குறிகளை எறிந்துவிடாது, சேவையகத்தின் பொது நினைவகத்தில் வைத்துக்கொண்டால், அடுத்த வேண்டுகோள் அவற்றை நேரே எடுத்துப் பயன்படுத்தலாம் அன்றோ? சுவடியை மனனஞ் செய்த புலவனின் நிலை இது. இவ்வெண்ணம் பழையது, ஏ.பி.சி. என்னும் துணைநிரல் இதனைப் பல்லாண்டு செய்துவந்தது. சென்ட் நிறுவனம் விற்பனைக்கு வைத்திருந்த இத்தகைய நிரலொன்று 2013இல் திறந்த மூலமாக்கப்பட்டு, ஒப்கேஷ் என்னும் பெயரோடு அவ்வாண்டில் வெளிவந்த 5.5ஆம் பதிப்புடன் இணைக்கப்பட்டது. அன்று முதல், வாசித்தலும் தொகுத்தலும் கோப்புக்கு ஒருமுறையோடு முடிகின்றன. கோப்புப் பெருக்கம் பற்றிய பழைய அச்சத்தின் பெரும்பகுதி அவ்வாண்டோடு நீங்கிவிட்டது எனலாம்.

பெரும்பகுதி நீங்கியதேயன்றி முழுவதும் நீங்கவில்லை. மனனஞ் செய்த பாடத்திற்கும் ஏட்டிலுள்ள பாடத்திற்கும் வேறுபாடு நேர்தல் கூடுமாதலின், கோப்புத் திருத்தப்பட்டதா என்று ஒப்கேஷ் இடையிடையே பார்த்துக்கொள்கின்றது. வழக்கமான அமைப்பில் இரண்டு செக்கனுக்கு ஒருமுறை பார்க்கும். இப்பார்வையையே நிறுத்திவிடுதலும் இயலும். அவ்வாறு நிறுத்தினால் பணிசெயல் முறைமையை வினவும் வேலை பெரிதும் ஒழியும். ஆயின் அதன்பின் கோப்பைத் திருத்தினும் பழைய நிரலே ஓடிக்கொண்டிருக்கும். ஒப்கேஷைத் துடைத்தாலன்றி அல்லது சேவையகத்தை மீளத் தொடக்கினாலன்றித் திருத்தம் தோன்றாது. சேவையகத்தைத் தம் கையில் வையாதோர் இதனை நிறுத்தாதிருத்தலே நன்று.

அதனினும் மறைவான ஓரிடர் நினைவகத்தின் கொள்ளளவைப் பற்றியது. ஒப்கேஷ் கொள்ளத்தக்க கோப்புக்களின் தொகை 10,000 என்று வழக்கமாகக் குறிக்கப்பட்டிருக்கும். நினைவகம் 128 மெகாபைற்று. குறித்த தொகையினும் பெரிதான பகா எண்ணொன்றை ஒப்கேஷ் தானே தேர்ந்துகொள்வதால் மெய்யான எல்லை 16,229 ஆகும். தனித்தளம் ஒன்றிற்கு இது போதும். ஒரே சேவையகத்தில் ஐந்தாறு வேர்ட்பிரஸ் தளங்களும் மூடுள் ஒன்றும் விக்கி ஒன்றும் குடியிருக்குமாயின், ஒரே மென்பொருளின் கோப்புக்களாயினும் தளந்தோறும் தனித்தனியே எண்ணப்படும். எல்லை நிறைந்த பின்னர் வரும் கோப்புக்கள் நினைவில் இடம் பெறா. வேண்டுகோள்தோறும் மீளத் தொகுக்கப்படும். அதனைப் பற்றி வாசகர் காணத்தக்க எச்சரிக்கை எதுவும் தோன்றாது. தளம் காரணமின்றித் தளர்ந்தது போலக் காணப்படும். குற்றம் வலையமைப்பின் மேல் ஏற்றப்படும். ஒப்கேஷின் நிலையைக் கூறும் செயற்கூற்றை ஒருமுறை அழைத்துப் பார்த்தால், நினைவிலிருந்து கிடைத்தவை எத்தனை, கிடையாதவை எத்தனை, நினைவு நிறைந்ததா என்பன யாவும் ஒரு கணத்தில் விளங்கும்.

அளந்து பார்த்தலின் இன்றியமையாமை இங்கே தோன்றும். இலங்கையில் க.பொ.த. உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பீ.எச்.பி.யும் மைசீக்குவெலும் இடம்பெறுவதால், மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். 500 சிறு செயற்கூறுகளை ஒரே கோப்பில் எழுதுக. பின் அவற்றையே கோப்புக்கு ஒன்றாக 500 கோப்புக்களில் எழுதி, எல்லாவற்றையும் வரவழைக்க. தொடக்கத்திலும் முடிவிலும் மைக்குரோரைம் என்னும் செயற்கூற்றால் நேரத்தைக் குறித்து, வேறுபாட்டைக் காண்க. ஒப்கேஷ் இயங்கும்போதும் இயங்காதபோதும் இதனைப் பல முறை செய்து, முதல் முறையின் அளவை விலக்கிச் சராசரி எடுக்க. முதல் முறையில் நினைவில் எதுவும் இல்லையாதலின் அவ்வளவு பிறவற்றோடு ஒப்பிடத்தக்கதன்று.

இச்சோதனையைக் கட்டளைத் திரையிற் செய்வோர் ஏமாறுவர். கட்டளைத் திரையில் ஓடும் பீ.எச்.பி.யில் ஒப்கேஷ் இயங்காதிருத்தலே வழக்கமான அமைப்பு. தனியே கட்டளையிட்டாலன்றி அது விழிக்காது. அவ்வறியாமையால், ஒப்கேஷினாற் பயனில்லை என்றும், கோப்புக்களை ஒட்டியே ஆக வேண்டும் என்றும் முடிவு கொள்வோர் உளர். சோதனை இணைய உலாவி வழியே நடத்தப்பட வேண்டும்.

அளந்தோர் பெரும்பாலும் காண்பது மற்றொன்று. ஒப்கேஷ் செவ்வனே இயங்கும் தளத்தில், நூறு கோப்புக்களை வரவழைக்கும் நேரத்தினும், சுட்டியிடாத பெரிய அட்டவணையொன்றில் ஒரு வினவலை நடத்தும் நேரம் பன்மடங்கு மிகுதல் கூடும். தரவுத்தளத்தை நோக்காது கோப்புக்களையே குறைகூறுவோர், வயலில் வரம்பு உடைந்திருக்க வாய்க்காலைத் தூர்வாருவோரை ஒப்பர். ஒரு பக்கத்தில் எத்தனை கோப்புக்கள் சேர்ந்தன என்று கூறும் செயற்கூறும் பீ.எச்.பி.யிலேயே உளது. அத்தொகையையும் வினவல்களின் தொகையையும் நேரத்தையும் அருகருகே வைத்து நோக்கிய பின்னரே எதனைத் திருத்துவது என்று துணிதல் முறை.

பெருந்தளங்கள் இவ்வளவில் அமையவில்லை. முகநூல் நிறுவனம் பீ.எச்.பி. நிரலை முழுவதும் சீ பிளஸ் பிளஸ் மொழிக்கு மாற்றித் தொகுக்கும் ஹிப்ஹொப் என்னும் கருவியை 2010இல் வெளியிட்டது. அதன் வழிவந்த எச்.எச்.வீ.எம். என்னும் இயக்கியை விக்கிமீடியா நிறுவனம் 2014இல் ஏற்றது, பீ.எச்.பி.யின் ஏழாம் பதிப்பு விரைவில் மிக முன்னேறியமையால், 2019இல் மீண்டும் பீ.எச்.பி.க்கே திரும்பிற்று. தமிழ் விக்கிப்பீடியாவின் வாசகர் இவ்விரு மாற்றங்களையும் அறியாமலே கடந்தனர்.

2019இல் வந்த 7.4ஆம் பதிப்பு முன்னேற்றம் என்னும் வசதியைத் தந்தது. இங்கே அச்சொல் முன்கூட்டியே ஏற்றுதல் என்னும் பொருளது. சேவையகம் தொடங்கும்போதே குறித்த கோப்புக்களை நினைவில் ஏற்றி, அவற்றிலுள்ள வகுப்புக்களை மொழிக்கே உரியன போல எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்கலாம். தேடலும் இல்லை, திருத்தம் நேர்ந்ததா என்ற பார்வையும் இல்லை. ஆயின் ஒரு கோப்பைத் திருத்தினும் சேவையகத்தை மீளத் தொடக்க வேண்டுமாதலின் பங்கு இடங்களுக்கு இது பொருந்தாது. விண்டோஸ் கணினிகளில் இயங்குவதுமில்லை. 2021இல் வந்த 8.1ஆம் பதிப்போ, ஒரு வகுப்புக்கும் அதன் தாய்வகுப்புக்கும் உள்ள தொடர்பை வேண்டுகோள்தோறும் மீளப் பிணைக்காது நினைவில் வைக்கின்றது. இதற்கு எவரும் எதுவும் செய்ய வேண்டுவதில்லை.

2025 நவம்பரில் வெளிவந்த 8.5ஆம் பதிப்பில் ஒப்கேஷ் மொழியினின்று பிரிக்கலாகாத உறுப்பாயிற்று. அதற்கு முற்பட்ட பதிப்புக்களை வைத்திருக்கும் பாடசாலை ஆய்வுகூடங்களிலும் பங்கு இடங்களிலும் அது நிறுவப்பட்டும் இயக்கப்படாது கிடத்தல் உண்டு. அமைப்புக் கோப்பில் அதற்குரிய வரியின் முன் அரைப்புள்ளி ஒன்று நின்றால் அவ்வரி செயற்படாது. அவ்வரைப்புள்ளியை நீக்கிச் சேவையகத்தை மீளத் தொடக்குதற்கு இரண்டு நிமிடமும் செல்லாது.